பூங்கா ஓரத்தில் வாழை, முருங்கை, கம்பி வேலி: எதை விடலாம், எதை எடுக்க வேண்டும்?

சென்னைப் புறநகரில் முப்பது ஆண்டுக்கு முன் போட்ட மனைப்பிரிவு எதற்குள் போனாலும் நடுவில் ஒரு பூங்கா நிலம் இருக்கும். அதற்கு முதுகு காட்டியபடி சுற்றிலும் வீடுகள். ஒரு வீட்டில் பின்சுவரை உடைத்துச் சின்னதாக ஒரு கேட் வைப்பார்கள். துவைக்கிற தண்ணீர் வெளியே போக அந்த வழியாக ஒரு பைப் வரும். தண்ணீர் வீணாகிறதே என்று நாலு வாழைக்கன்று வைப்பார்கள். மாடு மேய்கிறது என்று மூங்கில் படல் வரும். படல் மக்கிப் போனதும் கம்பி வேலி, வேலியோரம் பச்சை வலை. அப்புறம் வேலிக்குள் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஸ்கூட்டர். பத்தாவது ஆண்டில் அந்த வீட்டுப் பேரன் அந்த இடத்தை "எங்க தோட்டம்" என்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறான்.

எங்கள் நகர்ப் பூங்காவும் இந்த நிலையில்தான் இருக்கிறது. நலச் சங்கத்தில் இதைப் பற்றித் தீர்மானம் போட வேண்டும் என்று பேச்சு தொடங்கியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். ஜேசிபியைக் கூப்பிட்டு மொத்தமாக வழித்துவிடலாம் என்கிறது ஒரு தரப்பு. "செடி வச்சதுக்கெல்லாம் ஆக்கிரமிப்புன்னு பேர் வைப்பீங்களா?" என்று கோபப்படுகிறது இன்னொரு தரப்பு. உள்ளாட்சி பார்த்துக்கொள்ளட்டும், நாம் ஏன் பக்கத்து வீட்டுப் பகையைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று ஒதுங்குபவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ நகர்களில் இதே விவாதம் நடக்கிறது. அதனால் நம் முன் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செடி வேறு, வேலி வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற எந்தத் தீர்மானமும் பூங்காவைக் காப்பாற்றாது.

முதலில் காகிதம்

எந்த வழியை எடுப்பதானாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் ஓஎஸ்ஆர் நிலம் என்கிறோம். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய மனைப்பிரிவுகள் பலவற்றில் வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை அடித்ததோடு சரி, தானப் பத்திரம் பதிவாகவே இல்லை. பட்டா இன்னமும் மனை போட்டவர் பெயரிலோ அவர் வாரிசுகள் பெயரிலோ நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் வாழைக்கன்றைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் மொத்த நிலத்தையும் விற்றுவிடக் கூடும்.

எனவே வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம், பட்டா, புல வரைபடம் நான்கையும் எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கத்தைப் பார்த்துவிடலாம். பூங்கா என்று ஒதுக்கிய நிலத்துக்காக வழக்குப் போட அந்தப் பகுதி மக்களுக்கு உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது அந்த வட்டாரத்துக்காரர்கள் எதிர்த்துப் போய் வென்ற வழக்கு அது. நமக்கு அந்த அளவு பெரிய சண்டை தேவைப்படாது என்று நம்புகிறேன். ஆனால் தேவைப்பட்டால் நிற்பதற்குத் தரை இருக்கிறது.

கண்டும் காணாமல் விடுவது

இப்போது நாம் செய்துகொண்டிருப்பது இதைத்தான். செலவில்லை, மனஸ்தாபம் இல்லை. செடியும் பச்சையாக இருக்கிறது. ஆனால் காலம் ஓட ஓட நிலம் கைநழுவிப் போகிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அரசு தன் நிலத்தை மீட்க வழக்குத் தொடர 30 ஆண்டு அவகாசம். தனியாருக்கு 12 ஆண்டுதான். தானப் பத்திரம் பதிவாகாமல் காகிதத்தில் தனியார் நிலமாகவே நிற்கிற பூங்காவில் இந்த 12 ஆண்டு வாதத்தை எடுத்துக்கொண்டு யாராவது கோர்ட்டுக்குப் போனால், நாம் சும்மா இருந்த ஒவ்வொரு ஆண்டும் அவர் பக்கத்துச் சாட்சியாகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு வீடு ஐந்தடி எடுத்தால் பக்கத்து வீடு சும்மா இருக்காது. எங்கள் பூங்காவில் மேற்கு ஓரம் முழுவதும் அப்படித்தான் போனது. இப்போது நடைபாதைக்கும் வேலிகளுக்கும் நடுவே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பிள்ளைகள் அடிக்கிற பந்து வேலிக்குள் விழுந்தால் பந்தும் திரும்புவதில்லை, திட்டும் நிற்பதில்லை. சும்மா விடுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று சொல்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு அங்கே வந்து பார்க்க வேண்டும்.

மொத்தமாக வழிப்பது

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஏழாவது பிரிவில் நோட்டீஸ், பிறகு ஆறாவது பிரிவில் அகற்றம். பூங்காக்களுக்கென்றே 1959-இல் வந்த பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. நீண்ட காலம் அனுபவித்தேன், நிறையச் செலவு செய்தேன் என்பதெல்லாம் காரணமாகாது என்றும் சொன்னது.

ஷெட், சிமெண்ட் தரை, செங்கல் சுவர், பூட்டிய வேலி ஆகியவற்றுக்கு இந்த வழிதான் சரி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கார் நிறுத்த இடமில்லை என்பது உண்மையான கஷ்டம்தான், ஆனால் அதற்குப் பூங்கா பதில் சொல்ல முடியாது.

ஆனால் இயந்திரத்துக்கு ஷெட் எது, செடி எது என்று தெரியாது. பம்ப் ரூமை ஒட்டி ஒரு பாட்டி வல்லாரை, தூதுவளை, கற்பூரவல்லி என்று ஒரு பாத்தி வைத்திருக்கிறார். வேலி கிடையாது. செங்கல்லைச் சாய்த்து நட்டு ஒரு வரம்பு மட்டும். சளி பிடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் கற்பூரவல்லி இரண்டு இலை கிள்ளிக்கொண்டு போவார்கள், அவரே எத்தனை இலை, எப்படி வாட்டிப் பிழிய வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். அந்தப் பாத்தியில் காலையில் அவர் வந்து குனிந்து நிற்பதால்தான் அந்த மூலையில் யாரும் குப்பை கொட்டுவதில்லை. மொத்தமாக வழித்தால் அதுவும் போகும். வழித்த இடத்தை அடுத்த மாதமே யார் கவனிப்பார்கள்? வெற்றுத் தரையாகக் கிடந்தால் முதலில் கட்டட இடிபாடு வந்து விழும், பிறகு வண்டிகள் நிற்கும். ஆக்கிரமிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்காவிட்டால் அது திரும்பவும் வரும்.

பி மெமோ என்கிற பொறி

அபராதம் போட்டால் பயப்படுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். புறம்போக்கில் இருப்பவர்களுக்கு வருவாய்த்துறை பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுத்துத் தண்டத்தீர்வை வசூலிப்பது பழைய வழக்கம். அதன் பலன் என்ன என்று கிராமத்தில் கேட்டால் சொல்வார்கள்: தீர்வை கட்டிய ரசீதை பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டாக நான்தான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். தண்டனையாகக் கொடுத்த காகிதம் உரிமைக்கான சாட்சியாக மாறிவிடும். பூங்காவில் அபராதம் வாங்கிக்கொண்டு வேலியை விட்டுவைப்பதும் அதே கதைதான். அபராதம் என்றால் அகற்றும் தேதியோடு சேர்ந்த அபராதமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

எழுதிக் கொடுத்து அனுமதிப்பது

இதே வருவாய்த்துறையிடம் இன்னொரு காகிதமும் இருக்கிறது: 2சி பட்டா. புறம்போக்கில் நிற்கிற மரத்தின் பலனை அனுபவிக்கலாம், மண்ணில் உரிமை கிடையாது என்பது அதன் சாரம். தேங்காயை, புளியை எடுத்துக்கொள், நிலம் அரசுடையது. உள்ளாட்சியின் பூங்காவுக்கு அந்தப் பட்டா நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதன் பின்னால் இருக்கிற எண்ணம் நமக்கு அப்படியே வேண்டும். செடியையும் நிலத்தையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் நம் நிர்வாகத்துக்குப் புதிதல்ல.

அனுமதி கொடுத்தால் அதையே பிடித்துக்கொண்டு உரிமை கேட்பார்களே என்ற பயம் பலருக்கு. உண்மையில் சட்டம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியோடு ஒருவர் ஓரிடத்தைப் பயன்படுத்தினால், எத்தனை ஆண்டானாலும் அது எதிரிடை அனுபோகம், அதாவது நெடுநாள் வைத்திருந்ததாலேயே உரிமை கேட்பது, ஆகாது. அனுமதி இல்லாமல், யாரும் கேட்காமல், தன்னுடையது போல வைத்திருந்தால்தான் ஆகும். ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கிற ஒரு பக்க அனுமதிக் கடிதம், அதில் "நிலம் உள்ளாட்சிக்குச் சொந்தமானது, எனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை" என்ற வரியோடு வீட்டுக்காரரின் கையெழுத்து: நாலு முறை ஜேசிபி வருவதைவிட இது பூங்காவுக்குப் பெரிய பாதுகாப்பு. கடிதத்தைக் கொடுக்க வேண்டியது உள்ளாட்சி ஆணையர். நலச் சங்கம் கொடுத்தால் செல்லாது, நிலம் சங்கத்துடையது அல்ல.

இதில் ஒரு கண்ணி உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் அறுபதாவது பிரிவில், அனுமதி பெற்றவர் அந்த அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான வேலை எதையாவது செய்துவிட்டால், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று இருக்கிறது. ஆகவே சிமெண்ட், செங்கல் கட்டுமானம், போர்வெல், இரும்புக் கம்பம் எதுவும் கூடாது என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் மீதி எல்லாம் வீண்.

யாருக்கு அனுமதி? இதற்கு நியூயார்க் நகரின் ஏற்பாடு ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. 1970-களில் அந்நகரில் பாழடைந்த மனைகளில் மக்கள் தாங்களாகவே தோட்டம் போட்டார்கள். நகராட்சி அவற்றை அகற்றாமல், 1978-இல் கிரீன்தம் என்ற திட்டத்தின் கீழ் அனுமதி கொடுத்து ஒழுங்குபடுத்தியது. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதில் இருக்கின்றன. நிபந்தனைகளில் ஒன்று, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் குறைந்தது 20 மணி நேரமாவது கேட்டைத் திறந்து வைத்து யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும். என்ன செடி, எத்தனை அடி என்பதைவிட, அறிமுகமில்லாத ஒருவர் உள்ளே வந்து நிற்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. நம் பூங்கா அதைவிடச் சின்னது, கேட்டே வேண்டாம். யாரும் நடந்து போகலாம், யாரும் உட்காரலாம் என்றால் அது பூங்காச் செடி. பூட்டு இருந்தால் ஆக்கிரமிப்பு. பாட்டியின் பாத்தி முதல் வகை. அதற்கு இரண்டு வீடு தள்ளி, பச்சை வலைக்குள் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் ரோஜாத் தோட்டம் இரண்டாவது வகை. ரோஜா எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அனுமதியில் நட்டவர்களுக்கும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அதே நியூயார்க்கில் 1999-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்ட மனைகளை மேயர் நிர்வாகம் ஏலம் விடப் பார்த்தது. தன்னார்வ அமைப்புகள் பணம் திரட்டி வாங்கியதால்தான் அவை தப்பின. ஓராண்டுக் கடிதத்தை நம்பிப் பத்தாண்டு உழைப்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்வதுதான் நியாயம்.

பொதுப் பாத்தி

மற்றொரு வழி, யார் வீட்டுப் பின்புறம் என்று பார்க்காமல் பூங்காவின் ஒரு பகுதியைப் பாத்திகளாகப் பிரித்துக் குலுக்கலில் கொடுப்பது. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2016-இல் ஹார்ட்பார்க்கில் இதைத் தொடங்கியது. ஒரு பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். மூன்று ஆண்டு, அப்புறம் அடுத்தவருக்கு. கட்டணம் ஆண்டுக்கு அறுபது வெள்ளி அளவில். இதற்கு முன்பே 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டமும் அங்கே உண்டு. அது தனிநபர் பாத்தி அல்ல, அந்தந்த வட்டாரத்தார் குழுவாகச் சேர்ந்து நடத்துவது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1973 முதல் பி-பேட்ச் என்ற திட்டம் நடக்கிறது. பாத்தி வாங்குபவர் தன் பாத்தியை மட்டும் பார்த்தால் போதாது, பொது வேலைக்கும் சில மணி நேரம் கொடுக்க வேண்டும்.

நியாயம் என்று பார்த்தால் எல்லா வழிகளிலும் இதுதான் மேல். பூங்காவை ஒட்டி வீடு வாங்கியவருக்கு மட்டும் மண் கிடைப்பதும், மூன்றாவது தெருவில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குத் தொட்டிச் செடி மட்டும் என்பதும் சரியில்லை. குலுக்கல் அதைச் சமன் செய்கிறது. ஆனால் நடத்த ஆள் வேண்டும். தண்ணீர்க் குழாய், பதிவேடு, விட்டுப்போன பாத்தியைத் திரும்ப வாங்குவது எல்லாம் யாராவது ஒருவர் தலையில் விழும். எங்கள் சங்கத்தில் இப்போதே பூங்கா மோட்டார் போட மூன்று பேரைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் முழுப் பூங்காவுக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். ஷெட்டுகளை எடுத்தபின் காலியாகும் மேற்கு ஓரத்தில் ஒரு பத்துப் பாத்தி போடலாம். காலி இடம் காலியாகக் கிடக்காது. வேலியை இழந்த வீட்டுக்காரரும் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம்.

மரமும் பிள்ளையாரும்

வாழை, கீரை எல்லாம் ஒரு நாளில் மாற்றிவிடலாம். மரம் அப்படியல்ல. பொது இடத்தில் நிற்கிற மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், நட்டவரே கேட்டாலும். ஆகவே இனி மரம் நடுவதற்கு முன்பே பேசியாக வேண்டும். முருங்கை காற்றுக்குச் சட்டென்று ஒடியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறும். குழந்தைகள் விளையாடும் பக்கம் அது வேண்டாம். தென்னையும் அப்படியே, காய் விழும். அரளியில் எல்லாப் பாகமும் விஷம், ஊஞ்சல் பக்கத்தில் வைக்கவே கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது குல்மோகரும் பெருங்கொன்றை என்று சொல்கிற பெல்டோஃபோரமும் வரிசையாகச் சாய்ந்ததைப் பார்த்தோம். கோனோகார்பஸ் என்ற மரத்தை குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது. ஆனாலும் நர்சரிக்காரர் சீக்கிரம் வளரும் என்று அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். புங்கம், வேம்பு, மகிழம், பூவரசு, இலுப்பை போதும். உயர் மின்கம்பி போகும் இடத்தில் எதுவுமே வேண்டாம்.

அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். இதைப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள். பொதுச் சாலை, பூங்கா போன்ற இடங்களில் புதிதாக வழிபாட்டுத் தலம் எழுப்ப அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஏற்கெனவே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய அரசுகளிடம் விட்டது. ஆகவே இருக்கிற பிள்ளையாரைப் பற்றி நாம் தீர்மானம் போட வேண்டியதில்லை. அவரைச் சுற்றி டைல்ஸ் போட்டு மேடை, மேடைக்குக் கூரை என்று வளர்வதை மட்டும் இப்போதே நிறுத்த வேண்டும். இதே அளவுகோல் எந்த மதத்துக்கும்.

பொதுக்குழுவில் நான் முன்வைக்கப்போவது இதுதான். முதலில் உள்ளாட்சி மூலம் சர்வேயரை வரவழைத்து நாலு பக்கமும் கல் நடுவது. அளந்து முடிக்கும் வரை யாரையும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லக் கூடாது. கல்லுக்குள் வந்த ஷெட், சிமெண்ட் தரை, பூட்டிய வேலிக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் நோட்டீஸ். சங்க நிர்வாகி வீடு என்று விதிவிலக்குக் கிடையாது, என் தெருவும் அதில் அடங்கும். தாங்களே எடுத்தால் ஆள்கூலியைச் சங்கம் பகிர்ந்துகொள்ளலாம். பின்பக்க கேட் இருக்கட்டும், நடந்து வருவதற்கு மட்டும். துவைத்த தண்ணீர் விடுகிற பைப்பை அடைக்க வேண்டும். வேலியில்லாத செடிகளுக்கு ஆணையர் கையெழுத்திட்ட ஓராண்டுக் கடிதம், காலியாகும் ஓரத்தில் குலுக்கல் பாத்தி.

காலத்தையும் பார்த்துச் செய்ய வேண்டும். கத்திரி வெயிலில் பிடுங்கினால் எந்தச் செடியும் பிழைக்காது. சர்வே மனுவை ஆனிக்குள் போட்டு, ஆவணியில் நோட்டீஸ் கொடுத்தால், புரட்டாசி முடிவதற்குள் வேலிகள் இறங்கிவிடும். ஐப்பசி மழை தொடங்கியதும் வேலிக்குள் இருந்த ரோஜாவையும் கறிவேப்பிலையையும் வேர் மண்ணோடு பெயர்த்துப் பாத்திக்கு மாற்றிவிடலாம். அதற்கு மண்வெட்டியோடு இரண்டு ஆள் கொடுக்க எங்கள் தெரு இளைஞர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.